எல்லையோரப் பள்ளிகளும் இலக்கியக் கொள்கையும்: பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதியை முன்வைத்து

முன்னுரை

இலக்கியக் கொள்கை பட்ட மேற்படிப்பிற்கு உரியது. உயர்நிலைப் பள்ளி மாணவர்க்குச் செய்யுளின் பொருளும் அணியும் போதும் என்னும் எண்ணம் கல்வியுலகில் வேரூன்றியுள்ளது. 1980களில் தமிழ்த் திறனாய்வில் அமைப்பியல் அறிமுகமான பின்னரும் இவ்வெண்ணம் பெரிதும் மாறவில்லை. பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையோரச் சிற்றூர்களின் இலக்கிய வரலாறு இதனை மறுஆய்வு செய்யத் தூண்டுகிறது.

ஆசான் மரபு

தொல்காப்பியம் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதாகப் பனம்பாரனாரின் சிறப்புப் பாயிரம் கூறுகிறது. அவர்தம் ஊர், பாறசாலைக்கு அணித்தாகக் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள அதங்கோடே என்று கருதுவர். அகத்தியரின் சினத்திற்கு அஞ்சிய ஆசான் நூலெங்கும் குற்றம் கூறியதாகவும், தொல்காப்பியர் அனைத்திற்கும் விடை கூறியதாகவும் நச்சினார்க்கினியர் ஒரு கதை தருகிறார். கதையின் வரலாற்றுண்மை எவ்வாறாயினும், நூலை வினாவிற்கு உட்படுத்திய பின்னரே ஏற்கவேண்டும் என்னும் கருத்து அதில் பொதிந்துள்ளது. திறனாய்வுக் கல்வியின் முதற்பாடமும் அதுவே.

இருமொழி யாப்பியல்

14ஆம் நூற்றாண்டைச் சார்ந்த லீலாதிலகம், மணிப்பிரவாளத்தினின்று 'பாட்டு' என்னும் வகையைப் பிரித்துக் காட்டுகிறது. திராவிட எழுத்துகளால் அமைதல், எதுகை, மோனை, தனித்த யாப்பு ஆகியவற்றை அதன் இலக்கணமாக வகுக்கிறது. இரண்டாம் எழுத்து ஒன்றிவரும் இவ்வெதுகையே மலையாளத்தில் 'துவிதீயாட்சரப் பிராசம்' எனப்படும். அது கவிதைக்கு இன்றியமையாததா என்பது குறித்துக் கேரளவர்மா வலியகோயித் தம்புரானும் அவர்தம் மருகர் ஏ.ஆர். ராஜராஜவர்மாவும் மாறுபட்டு நின்றனர். அவ்விவாதம் மலையாளக் கவிதையின் போக்கையே பாதித்தது. தமிழில் எதுகையையும் மலையாளத்தில் பிராசத்தையும் தனித்தனியே மனனம் செய்யும் மாணவர், ஒரே கூறு ஒரு மொழியில் மரபாக நிலைபெற்றதற்கும் மறுமொழியில் விவாதப் பொருளானதற்கும் காரணம் தேடத் தொடங்குவாராயின், அங்கே ஒப்பியல் பிறக்கிறது.

1956இன் கோடும் ஒரு கதைப்பாடலும்

1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. நிலத்தில் வரைந்த கோடு பாடல்களின் வகைப்பாட்டிலும் விழுந்தது.

'இரவிக்குட்டிப் பிள்ளை போர்' இதற்குத் தக்க சான்று. திருமலை நாயக்கர் படையுடன் கணியாகுளத்தில் 1634-35 காலத்தில் நிகழ்ந்த போரில் வீழ்ந்த வேணாட்டுப் படைத்தலைவனைப் பற்றியது இது. தமிழாய்வாளர் இதனைக் 'கதைப்பாடல்' என்பர். மலையாள இலக்கிய வரலாற்றாசிரியர் 'தெக்கன் பாட்டு' என்பர். எனவே 'இது எம்மொழி இலக்கியம்?' என்ற வினாவே மாணவரை வகைமைக் கோட்பாட்டிற்கு இட்டுச் செல்லும். போரை எதிரூன்றும் காஞ்சித் திணையின் வழி விளக்கலாம். அப்போது வீரன் மையமாவான். தீக்கனாக் கண்டு அவனைத் தடுக்கும் தாய், மனைவி ஆகியோரின் குரலை முதன்மைப்படுத்தினால் அதே பாடல் போரின் பயனையே வினவும் பனுவலாகிறது. முன்னது திணைக் கொள்கை; பின்னது பெண்ணிய வாசிப்பு. மேலைக் கலைச்சொல் எதுவும் இன்றியே இரண்டையும் பதினான்கு அகவை மாணவர் உணர இயலும்.

முடிவுரை

கேரளக் கலைத்திட்டச் சட்டகம் (2007) விமர்சனக் கற்பித்தலை வலியுறுத்திச் சமூகச் சிக்கல்களை வகுப்பறைக்குக் கொணர்ந்தது. 2017இல் இயற்றப்பட்ட சட்டம் கேரளப் பள்ளிகளில் மலையாளம் கற்பதைக் கட்டாயமாக்கியது. இச்சூழலில் எல்லையோரத் தமிழ் மாணவர்க்கு இருமொழி அறிவு வெறும் சுமையாகவும் அமையலாம். திறனாய்வின் கருவியாகவும் அமையலாம். கொள்கைகளின் பெயர்ப்பட்டியலை ஒப்புவிக்கச் செய்வது சுமையையே கூட்டும். தம் ஊர்ப் பாடலை இரு மரபுகளும் எவ்வாறு பெயரிட்டன, ஏன் அவ்வாறு பெயரிட்டன என்று வினவச் செய்வதே அதங்கோட்டாசான் மரபிற்கு ஏற்ற கற்பித்தல் எனலாம்.