இளையோருக்கான புகையிலைக் கல்வி: வகுப்பறையிலிருந்து கைப்பேசிக்கு

ஆண்களின் நுரையீரல் புற்றுநோய்க்குச் சிகரெட்டே காரணம் என்ற அறிக்கையை அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் லூதர் டெரி 1964 ஜனவரியில் வெளியிட்டார். அதன்பின் அந்நாட்டுப் பள்ளிகளில் புகையிலைப் பாடம் பெரும்பாலும் நோயைக் காட்டி அச்சுறுத்துவதாகவே இருந்தது. ஆனால் ஐம்பது வயதில் வரக்கூடிய நோய், பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு வேறு யாருடைய கவலையோதான்.

1970களில் ஹூஸ்டன் பல்கலைக்கழக உளவியலாளர் ரிச்சர்ட் எவன்ஸ் இதை ஆராய்ந்தார். கெடுதல் என்று தெரிந்தே பிள்ளைகள் புகைக்கத் தொடங்கினர். நண்பன் நீட்டும் சிகரெட்டுக்கும் விளம்பரத்துக்கும் வளைந்துகொடுக்காதிருக்கப் பழக்கும் படங்களை ஏழாம் வகுப்பு மாணவர்களுக்கு அவர் திரையிட்டார். மனத்துக்குப் போடும் தடுப்பூசி எனலாம்.

இந்த வழியில் வந்த வகுப்பறைப் பாடங்களுக்குப் பெரும் அடி 2000இல் விழுந்தது. வாஷிங்டன் மாநிலத்தின் 40 பள்ளி மாவட்டங்களில் 8,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளை 15 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஹட்சின்சன் ஆய்வு, பாடம் படித்தோருக்கும் படிக்காதோருக்கும் வேறுபாடே காணவில்லை.

அதற்குள் ஃபுளோரிடா வேறு பாதையில் இறங்கியிருந்தது. மாநில அரசு தொடுத்த வழக்கைத் தீர்த்துக்கொள்ளச் சிகரெட் நிறுவனங்கள் கொடுத்த பணத்தில், இளையோரையே ஆலோசகர்களாக்கி, 1998இல் 'ட்ரூத்' இயக்கம் தொடங்கியது. புகைக்காதே என்று அது கட்டளையிடவில்லை. நிறுவனங்கள் எப்படி ஏமாற்றி ஆள் பிடிக்கின்றன என்று காட்டியது. அந்த வயதின் எதிர்ப்புணர்வை அடக்காமல் சரியான திசையில் திருப்பியதே அதன் பலம். இரண்டே ஆண்டுகளில் அம்மாநில நடுநிலைப் பள்ளிகளில் புகைப்போர் 18.5 விழுக்காட்டிலிருந்து 11.1 விழுக்காடாகக் குறைந்தனர். சிகரெட் விலையேற்றமும் இதற்கு உதவியது. 2000இல் நாடு முழுவதும் பரவியபோது இயக்கம் தொலைக்காட்சியோடு இணையதளத்தையும் கையாண்டது.

எவன்ஸின் ஊரான ஹூஸ்டனிலேயே எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையம் 'ஆஸ்பயர்' என்ற கணினிப் பாடத்தை உருவாக்கியது. பின்னர் அது இணையத்துக்கு வந்தது. புகைக்காதவருக்கு ஒன்று, விட நினைப்பவருக்கு வேறொன்று என ஆளுக்கேற்ப அதன் உள்ளடக்கம் மாறும். ஒரே பாடத்தை வகுப்பு முழுவதற்கும் ஒப்பிக்கும் ஆசிரியரால் இது இயலாது. 16 உயர்நிலைப் பள்ளிகளில் சோதித்தபோது, 18 மாதங்களில் புதிதாகப் புகைக்கத் தொடங்கியோர் 1.9 விழுக்காடு, வழக்கமான கையேடு மட்டும் பெற்ற பள்ளிகளில் 5.8 விழுக்காடு.

மின்சிகரெட் பரவியபின் கல்வி கைப்பேசிக்கு நகர்ந்தது. 2019 ஜனவரியில் 'ட்ரூத்' அமைப்பு தொடங்கிய இலவசக் குறுஞ்செய்திச் சேவையில், விட முயலும் பிற இளையோர் எழுதிய சொற்களும் இடம்பெறுகின்றன. 18 முதல் 24 வயதுவரை உள்ளோரிடம் நடந்த சோதனையில், ஏழு மாதங்களுக்குப் பின் சேவை பெற்றோரில் 24.1 விழுக்காட்டினரும் பெறாதோரில் 18.6 விழுக்காட்டினரும் மின்சிகரெட்டை விட்டிருந்தனர்.