அறுமீனும் அளகும்: விண்மீன் கொத்துகளின் கண்டுபிடிப்பும் பெயரீடும்

1. முன்னுரை

கார்த்திகைத் திங்களின் முன்னிரவில் கிழக்கு வானில் சிறு கொத்தாகத் தோன்றும் விண்மீன்களை அறியாதார் இலர். இக்கொத்து மக்கள் வழக்கில் பெற்ற பெயர்களையும், அறிவியல் அதனை அறிந்துகொண்ட வரலாற்றையும் ஒப்பிட்டு, மொழிபெயர்ப்பாளர் கருத வேண்டிய ஒரு வேறுபாட்டைச் சுட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. பெயர்கள்

சங்க இலக்கியம் இக்கொத்தை எண்ணிக்கையால் சுட்டுகிறது. அகநானூற்றில் (141) வரும் ‘அறுமீன்’ என்னும் சொல் இதற்குச் சான்று. மலைபடுகடாம் ‘ஆஅல்’ என்கிறது. பிற்கால நிகண்டுகளும் அகராதிகளும் ஆரல், இறால், அறுவாய், அளகு முதலிய பெயர்களைத் தருகின்றன. இவற்றுள் ஆரலும் இறாலும் நீர்வாழ் உயிர்களின் பெயர்களுமாம். விண்ணில் ஒளிர்வதையும் நீரில் வாழ்வதையும் ‘மீன்’ என்னும் ஒரே வடிவால் சுட்டும் மொழியில் இது வியப்பன்று. ‘இறால்’ தேன்கூட்டையும் குறிக்கும்.

‘அளகு’ தனித்து நோக்கத்தக்கது. தொல்காப்பிய மரபியல் கோழி, கூகை ஆகியவற்றின் பெண்ணுக்கு இச்சொல்லை உரிமையாக்குகிறது. சித்தூர் மாவட்டத்து விஜயபுரம், நகரி முதலிய எல்லைப் பகுதிகளில் தமிழோடு அருகருகே வழங்கும் தெலுங்கில் இக்கொத்துக்கு நாட்டார் பெயர் ‘பில்லலகோடி’. குஞ்சுகளோடு கூடிய கோழி என்பது பொருள். பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளின் நாட்டார் வழக்கிலும் கோழிப் படிமம் உண்டு. எனவே தமிழ் அளகும் தெலுங்குக் கோடியும் ஒரே படிமத்தின் இரு வடிவங்களாக இருத்தல் கூடும். எனினும் இது கருதுகோளே.

எண்ணிக்கையும் எங்கும் ஒன்றாக இல்லை. தைத்திரீய நூல்கள் கிருத்திகைகளுக்கு ஏழு பெயர்கள் கூறுகின்றன. முருகனை வளர்த்த கார்த்திகைப் பெண்டிரோ அறுவர். கிரேக்க மரபு எழுவர் என்னும். ஆதலின் ஆங்கில வழக்கைப் பின்பற்றி ‘ஏழு சகோதரியர்’ என இதனைப் பெயர்ப்பது தமிழ் வாசகருக்கு அறிமுகமான பொருளையே அந்நியமாக்கிவிடும்.

3. கண்டுபிடிப்பு

1610இல் கலீலியோ தம் தொலைநோக்கியால் கண்டு, இக்கொத்தில் 36 விண்மீன்களை வரைந்து வெளியிட்டார். எண்ணிக்கை பெருகியதேயன்றிக் கருத்து மாறவில்லை. மாற்றம் 1767இல் நிகழ்ந்தது. ஆங்கிலேய அறிஞர் ஜான் மிச்செல், ஒளிமிக்க ஆறு விண்மீன்கள் தற்செயலாக இவ்வளவு நெருங்கித் தோன்றும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து இலட்சத்தில் ஒன்றே எனக் கணக்கிட்டு, இவை உண்மையாகவே ஒன்றோடொன்று தொடர்புடையவை என முடிவு செய்தார். கொத்து என்பது தோற்றமன்று, உறவு என்பதே அவர் கண்டுபிடிப்பாகும். இன்று இதில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட விண்மீன்கள் உள்ளன என்றும், தொலைவு ஏறத்தாழ 440 ஒளியாண்டு என்றும் அறிகிறோம்.

மற்றொரு வகையைச் சார்ந்த கொத்தை 1665இல் ஆபிரகாம் ஈலே கண்டார். மங்கலான புகை போன்று தோன்றிய இவ்வகையின் பலவற்றைத் தனித்தனி விண்மீன்களாகப் பிரித்துக் கண்ட வில்லியம் ஹெர்ஷெல், 1789இல் ‘கோளக் கொத்து’ எனப் பொருள்படும் பெயரை வழங்கினார். சவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தில் 1986 முதல் இயங்கும் 2.3 மீட்டர் தொலைநோக்கி இன்று தமிழ்நாட்டிலிருந்தே விண்மீன் ஆய்வுக்கு இடமளிக்கிறது.

4. கலைச்சொற்கள்

மொழிபெயர்ப்பில் ‘விண்மீன் கூட்டம்’ என்னும் ஒரே தொடர் இருவேறு பொருள்களுக்கும் ஆளப்படுவதுண்டு. வேட்டுவன் (ஓரியன்) போன்ற உருவங்களில் உள்ள விண்மீன்கள் பெரும்பாலும் வெவ்வேறு தொலைவில் இருப்பவை. நம் பார்வையில் மட்டும் ஒன்றுசேர்பவை. கார்த்திகையின் விண்மீன்களோ ஒருங்கே பிறந்து ஒருங்கே செல்பவை. இரண்டையும் ஒரே சொல்லால் சுட்டினால் மிச்செல் கண்டறிந்த வேறுபாடு தமிழில் மறைந்துபோகும். எனவே முன்னதற்கு ‘விண்மீன் குழாம்’ என்றும் பின்னதற்கு ‘விண்மீன் கொத்து’ என்றும் வரையறுத்தல் நன்று.

கொத்தின் உள்வகைக்கு ஆளப்படும் ‘திறந்த கொத்து’ என்பதும் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பே. மூடிய கொத்து ஒன்று உண்டோ என்னும் ஐயத்தை அது எழுப்புகிறது. இக்கொத்துகள் தளர்ந்து, காலப்போக்கில் சிதறுபவை. ஆதலின் ‘தளர்கொத்து’ என்பது பொருந்தும்.

5. முடிவுரை

ஆறு என்று எண்ணியவர்களும் கோழியும் குஞ்சுமாகக் கண்டவர்களும் ஒரே வானத்தையே நோக்கினர். எண்ணிக்கைப் பெயரைத் தொலைநோக்கி விஞ்சிவிட்டது. குஞ்சுகள் தாயைச் சூழ்ந்த படிமமோ உறவை உணர்த்துவதால் அறிவியலுக்கு இன்றும் அணுக்கமாக நிற்கிறது. கலைச்சொல் ஆக்குவோர் வட்டார வழக்கை ஒதுக்காது நோக்க வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.