அகதிகள் எழுதிய சட்டம்

போர்க்குற்ற விசாரணை என்ற பேச்சு நம்மிடையே எழும்போதெல்லாம் இரண்டு குரல்களைக் கேட்கலாம். 'இதெல்லாம் வல்லரசுகளின் நாடகம், வென்றவன் தோற்றவனைத் தூக்கிலிடுவதற்குப் போட்ட மேடை' என்பது ஒன்று. 'ஜெனிவாவில் என்றைக்காவது ஒரு முடிவு வரும்' என்று காத்திருப்பது மற்றது. முதற் குரலில் பாதி உண்மை உண்டு. இரண்டாவதில் இருப்பது ஏக்கம். இரண்டுமே இந்தச் சட்டத்தின் வரலாற்றை அரசுகளின் வரலாறாக மட்டுமே பார்க்கின்றன. சற்று அருகே சென்று பார்த்தால், அதன் முக்கியமான திருப்பங்கள் பலவற்றில் நாடிழந்த மனிதர்கள் நிற்பது தெரியும். சட்டத்துக்கு வேண்டிய சொற்களைத் தேடிக் கொடுத்தவர்களில் அவர்கள் இருக்கிறார்கள். சாட்சிக் கூண்டில் ஏறியவர்களிலும் அவர்கள் இருக்கிறார்கள்.

போருக்கு விதி செய்யும் முயற்சி பழையது. 1859 இல் இத்தாலியின் சொல்பெரினோ போர்க்களத்தில் கவனிப்பாரற்றுக் கிடந்த காயக்காரரைக் கண்ட ஜெனிவா வணிகர் ஹென்றி டுனானின் முயற்சியால் செஞ்சிலுவைச் சங்கமும், 1864 இன் முதலாவது ஜெனிவா உடன்படிக்கையும் பிறந்தன. 1899 இலும் 1907 இலும் ஹேக் மாநாடுகள் போரிடும் முறைகளுக்கு வரம்பு கட்டின. ஆனால் இவை யாவும் அரசுக்கும் அரசுக்கும் இடையிலான விதிகள். எதிரி நாட்டுச் சிப்பாயை எப்படி நடத்த வேண்டும் என்று சொன்ன சட்டம், ஓர் அரசு தன் சொந்தக் குடிகளை எப்படி நடத்த வேண்டும் என்பதுபற்றி வாய் திறக்கவில்லை. அது அந்த வீட்டு விவகாரமாகவே விடப்பட்டது.

1915 இல் ஒட்டோமன் அரசு தன் ஆர்மீனியக் குடிகளை அழித்தபோது, பிரித்தானியாவும் பிரான்சும் ரஷ்யாவும் கூட்டாக ஓர் அறிக்கை விட்டு, இது மனிதகுலத்துக்கும் நாகரிகத்துக்கும் எதிரான குற்றம் என்றன. பொறுப்பானவர்களை விசாரணைக்கு ஒப்படைக்க வேண்டும் என்று 1920 இன் செவ்ர் ஒப்பந்தத்திலும் எழுதினார்கள். அந்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வரவேயில்லை. 1923 இல் லொசானில் எழுதப்பட்ட புதிய உடன்பாட்டோடு பொதுமன்னிப்பு வந்தது. விசாரணை பற்றிய பேச்சு அத்தோடு மறைந்தது.

இதற்கிடையில், 1921 மார்ச்சில், அந்தப் படுகொலைக்குப் பொறுப்பானவர்களில் முதல்வரான தலாத் பாஷாவை ஓர் ஆர்மீனிய இளைஞர் பெர்லின் தெருவில் சுட்டுக் கொன்றார். வழக்கு நடந்தது. இளைஞர் விடுதலையானார். அன்று போலந்தின் லுவூவ் நகரில் படித்துக்கொண்டிருந்த ராஃபேல் லெம்கின் என்ற யூத மாணவரை இச்செய்தி உலுக்கியது. ஒரு மனிதனைக் கொன்றவனுக்கு நீதிமன்றம் இருக்கிறது, இலட்சக்கணக்கானோரைக் கொன்றவனுக்கு ஏன் இல்லை என்று அவர் தன் பேராசிரியரைக் கேட்டார். கோழி வளர்ப்பவன் தன் கோழிகளைக் கொன்றால் அதில் தலையிட மற்றவருக்கு என்ன உரிமை என்பதுபோலப் பேராசிரியர் பதில் சொன்னதாக லெம்கின் பின்னாளில் தன் நினைவுகளில் எழுதினார். அரசின் இறைமை என்று நாம் இன்றும் கேட்கும் வாதத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

அதே சட்டபீடத்தில் சில ஆண்டுகள் முன்னதாகப் படித்த இன்னொரு யூதர் ஹேர்ஷ் லோட்டர்பாக்ற். 1919 இல் அவர் வியன்னாவுக்குப் போனார். 1923 இல் இலண்டன் வந்து, பின்னர் கேம்பிரிட்ஜில் சர்வதேசச் சட்டப் பேராசிரியரானார். லெம்கின் 1939 இல் போலந்து வீழ்ந்தபோது தப்பியோடி, லித்துவேனியா வழியாகச் சுவீடனை அடைந்து, 1941 இல் அமெரிக்கா சென்றார்.

சுவீடனில் லெம்கின் செய்த வேலை நம் கவனத்துக்கு உரியது. ஆக்கிரமிக்கப்பட்ட நாடுகளில் நாசி நிர்வாகம் வெளியிட்ட வர்த்தமானிகளையும் ஆணைகளையும் அவர் சேகரிக்கத் தொடங்கினார். யார் எங்கே வசிக்கலாம், யாருடைய சொத்து யாருக்குப் போகும், எந்த இனத்துக்கு எவ்வளவு உணவு என்றெல்லாம் அந்தத் தாள்களில் சட்ட மொழியில் எழுதியிருந்தது. ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் ஒரு நிர்வாக உத்தரவு. அருகருகே வைத்துப் படித்தபோது ஒரு மக்கள் கூட்டத்தை இல்லாமற் செய்யும் திட்டம் தெரிந்தது. இவற்றை வைத்து 1944 இல் அவர் வெளியிட்ட நூலில்தான் இனப்படுகொலையைக் குறிக்கும் 'ஜெனொசைட்' என்ற புதிய சொல் முதன்முதலாக அச்சேறியது. இனத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் கொலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லையும் இணைத்து அவர் ஆக்கிய சொல் அது.

1945 ஓகஸ்ட் 8 ஆம் திகதி நான்கு வல்லரசுகள் இலண்டனில் நூரம்பேர்க் நீதிமன்றத்துக்கான சாசனத்தில் கையொப்பமிட்டன. அதில் 'மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்கள்' என்ற தலைப்பு இடம்பெற ஆலோசனை கூறியவர் லோட்டர்பாக்ற் என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். ஓர் அரசு தன் குடிமகனுக்குச் செய்யும் கொடுமையும் சர்வதேசக் குற்றம் ஆகலாம் என்று ஒரு நீதிமன்றச் சாசனத்தில் எழுதப்பட்டது அப்போதுதான்.

ஆனால் அந்தக் கதவை முழுதாகத் திறக்க வல்லரசுகளுக்கு மனம் வரவில்லை. இக்குற்றங்கள் போரோடு தொடர்புடையனவாக இருந்தாலே விசாரிக்கலாம் என்று சாசனத்தில் ஒரு தடை வைத்தார்கள். அமெரிக்கப் பிரதிநிதி ரொபேர்ட் ஜாக்சன் இலண்டன் பேச்சுக்களின்போதே இதற்கான காரணத்தை ஒளிக்காமல் சொன்னார். தமது நாட்டிலும் சிறுபான்மையினர் அநீதியாக நடத்தப்படும் சந்தர்ப்பங்கள் உண்டு என்பதே அது. குடியேற்ற நாடுகளை வைத்திருந்த பிரித்தானியாவுக்கும் பிரான்சுக்கும், ஸ்டாலினின் சோவியத்துக்கும் இத்தடை வசதியாகவே இருந்தது. விளைவு, 1939 க்கு முன் யேர்மன் யூதர்களுக்கு இழைக்கப்பட்டவை தீர்ப்புக்கு வெளியே நின்றன.

வென்றவர் நீதி என்ற குற்றச்சாட்டுக்கு ஆதாரங்கள் இன்னும் உண்டு. போலந்து அதிகாரிகளைக் கத்தின் காட்டில் கொன்றது யேர்மனியர் என்று சோவியத் தரப்பு குற்றப்பத்திரிகையில் எழுதியது. தீர்ப்பு அதுபற்றி மௌனம் காத்தது. கொன்றது தாங்களே என்று மொஸ்கோ 1990 இல் ஒப்புக்கொண்டது. நகரங்கள் மீதான குண்டுவீச்சு பற்றி எவர் மீதும் வழக்கில்லை. டோக்கியோ விசாரணையில் ஹிரோஷிமா பற்றிய கேள்விக்கு இடமில்லை. அங்கே இருந்த 11 நீதிபதிகளில் ஒருவரான கல்கத்தாவின் ராதாபினோத் பால், குற்றஞ்சாட்டப்பட்ட அனைவரையும் விடுவிக்க வேண்டும் என்று தனித் தீர்ப்பு எழுதினார். குடியேற்ற ஆட்சிக்கு உட்பட்ட நாட்டில் இருந்து வந்தவரின் நியாயமான கோபம் அதில் இருந்தது. நான்கிங்கில் கொடுமை நடந்ததை அவர் மறுக்கவில்லை. எனினும், 2005 இல் டோக்கியோவின் யசுகுனி ஆலயத்தில் அவருக்கு நினைவுக்கல் வைத்தவர்கள், தம் நாடு செய்ததை மறக்க விரும்பிய தரப்பினரே. வென்றவரின் பொய்யைச் சுட்டிக்காட்டுவது தோற்றவர் செய்ததற்கு மன்னிப்பாகிவிடுவதை நாம் அங்கே பார்க்கிறோம்.

நூரம்பேர்க்கில் 1946 ஒக்ரோபர் 1 ஆம் திகதி தீர்ப்பு முடிந்தபோது 12 பேருக்கு மரண தண்டனை, மூவருக்கு ஆயுள், நால்வருக்குச் சிறை, மூவருக்கு விடுதலை. லோட்டர்பாக்றின் பெற்றோரும் லெம்கினின் உறவினர் பலரும் அழிந்த நிலத்தை ஆண்ட ஹான்ஸ் ஃபிராங்கும் தூக்கிலிடப்பட்டார். குற்றப்பத்திரிகையில் இருந்த லெம்கினின் சொல் தீர்ப்பில் இல்லை. அவர் சோரவில்லை. ஐ.நா. மண்டபங்களில் பிரதிநிதி பிரதிநிதியாகப் பிடித்துப் பேசினார். 1948 டிசம்பர் 9 ஆம் திகதி இனப்படுகொலைக்கு எதிரான உடன்படிக்கை நிறைவேறியது. 1959 இல் நியூயோர்க்கில் அவர் இறந்தபோது கையில் பணமில்லை. அடக்கத்துக்கு வந்தவர்கள் மிகச் சிலர்.

1949 ஓகஸ்ட் 12 ஆம் திகதி நான்கு ஜெனிவா உடன்படிக்கைகள் புதிதாக எழுதப்பட்டன. நான்கிலும் ஒரே வாசகமாக உள்ள மூன்றாவது உறுப்புரை, ஒரு நாட்டுக்குள் நடக்கும் போரிலும் ஆயுதமில்லாதவரைக் கொல்லவோ சித்திரவதை செய்யவோ பணயம் பிடிக்கவோ கூடாது என்றது. இது போரிடும் ஒவ்வொரு தரப்பையும், அரசல்லாத தரப்பையும், கட்டுப்படுத்தும். இலங்கையும் 1959 இல் இவற்றை ஏற்றது. ஆனால் மீறினால் தண்டிப்பது யார்? நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அதற்குப் பதிலில்லை. அந்த ஆண்டுகளில் நடந்தவற்றைப் பட்டியலிட இக்கட்டுரையில் இடம் போதாது.

பதில் ஓர் அகதி நகரத்தில் இருந்து வந்தது. பொஸ்னியாவின் ஒமர்ஸ்கா முகாமில் இருந்து தப்பி யேர்மனிக்கு வந்தவர்கள், தங்களை வதைத்தவர்களில் ஒருவர் மியூனிக்கில் நடமாடுவதைக் கண்டுகொண்டார்கள். துஸ்கோ தாடிச் என்ற அந்த ஆள் 1994 பெப்ரவரியில் கைதாகி, ஐ.நா. பாதுகாப்புச் சபை 1993 இல் ஹேக்கில் அமைத்த நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டார். இது உள்நாட்டுப் போர், உங்களுக்கு விசாரிக்க அதிகாரமில்லை என்று அவருடைய சட்டத்தரணிகள் வாதிட்டார்கள். 1995 ஒக்ரோபர் 2 ஆம் திகதி மேன்முறையீட்டு மன்றம் அதை நிராகரித்தது. உள்நாட்டுப் போரில் செய்யும் போர்க்குற்றத்துக்கும் தனிமனிதன் சர்வதேசச் சட்டத்தின் முன் பொறுப்பாளி என்றது. கோழி வளர்ப்பவனின் வாதத்துக்கு நீதிமன்றம் ஒன்று நேரே சொன்ன மறுமொழியாக இதைக் கொள்ளலாம்.

அடுத்த திருப்பம் தன்சானியாவின் அருஷாவில். ருவாண்டாவின் தாபா என்ற இடத்தின் நகரத் தலைவர் ஜோன் போல் அக்காயேசு மீதான வழக்கில், தொடக்கக் குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை பற்றி ஒரு வரியும் இல்லை. வேறு விடயத்துக்குச் சாட்சி சொல்ல வந்த ஒரு தாய், தன் ஆறு வயது மகளுக்கு நடந்ததைச் சொன்னார். மூன்று நீதிபதிகளில் ஒரே பெண்ணான நவநீதம் பிள்ளை கேள்வி கேட்டார். வேறு பெண்களும் பேசினார்கள். 1997 இல் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. 1998 செப்டெம்பர் 2 ஆம் திகதி வந்த தீர்ப்பு, இனப்படுகொலைக்காகச் சர்வதேச நீதிமன்றம் ஒன்று வழங்கிய முதலாவது தீர்ப்பாக இருந்தது. பாலியல் வன்முறையும் இனப்படுகொலையின் கருவியாகலாம் என்றும் அது சொன்னது. லெம்கின் இறந்து 39 ஆண்டுகள் ஆகியிருந்தன. நவநீதம் பிள்ளை டேர்பனில் ஒரு தமிழ் வழிக் குடும்பத்தில், பஸ் சாரதியின் மகளாகப் பிறந்தவர் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

அதே 1998 ஜூலையில் ரோம் சாசனம் 120 நாடுகளின் வாக்கோடு நிறைவேறி, 2002 இல் நிரந்தர நீதிமன்றம் செயற்படத் தொடங்கியது. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இந்தியா, இலங்கை எவையும் அதன் உறுப்பு நாடுகள் அல்ல. 2025 இல் அமெரிக்கா அந்த நீதிமன்றத்தின் நீதிபதிகள் சிலர் மீதே தடை விதித்தது. முதற் குரலின் பாதி உண்மை இன்றும் பாதி உண்மையாகவே இருக்கிறது. மறுபாதியையும் சொல்லியாக வேண்டும். அந்த நீதிமன்றத்தின் முதலாவது தீர்ப்பு, 2012 மார்ச்சில், கொங்கோவின் ஓர் ஆயுதக் குழுத் தலைவர் மீது வந்தது. 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் படையில் சேர்த்ததே குற்றம். அவர் தன் இனத்தைக் காக்கவே போரிட்டேன் என்பவர். நோக்கம் எதுவானாலும் பிள்ளை பிள்ளைதான் என்றது சட்டம். இந்த வரியை வாசிக்கும்போது நம்மில் சிலருக்குச் சங்கடமாக இருக்கும். இருக்கத்தான் வேண்டும். 2011 இன் ஐ.நா. நிபுணர் குழு அறிக்கையும் 2015 இன் ஐ.நா. விசாரணை அறிக்கையும் இலங்கை அரசின் குற்றங்களை எழுதிய அதே தாள்களில், புலிகள் பிள்ளைகளைச் சேர்த்ததையும் எழுதியிருக்கின்றன. ஒரு பக்கத்தை மட்டும் கிழித்தெடுத்துக்கொண்டு நீதி கேட்க முடியாது.

கடைசியாக ஒரு வழக்கு. டமாஸ்கஸ் சிறையொன்றின் விசாரணைப் பிரிவுக்குத் தலைவராக இருந்த அன்வர் ரஸ்லான் 2014 இல் யேர்மனிக்கு வந்து அகதியாகப் பதிந்தவர். முன்பு அவரால் கைதான ஒரு சிரியச் சட்டத்தரணி அவரைப் பெர்லினில் அகதி முகாமருகே கண்டார். கொப்ளென்ஸ் நகர நீதிமன்றத்தில் 2020 இல் தொடங்கிய வழக்கில் சிரிய அகதிகள் பலர் சாட்சி சொன்னார்கள். 2022 ஜனவரி 13 ஆம் திகதி மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களுக்காக ஆயுள் தண்டனை கிடைத்தது. அன்று அசாத் ஆட்சியில் இருந்தார். ஹேக் போகும் பாதை பாதுகாப்புச் சபையில் அடைபட்டிருந்தது. ஆனாலும் புகலிட நாட்டின் ஒரு சாதாரண நகரத்தில், அந்நாட்டுச் சட்டத்தின்படி, வழக்கு முடிந்தது.

இலங்கை தொடர்பாகவும் 2021 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை, எதிர்கால வழக்குகளுக்காகச் சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாக்கும் பொறுப்பை ஆணையாளர் அலுவலகத்துக்குக் கொடுத்தது. அது நீதிமன்றம் அல்ல. எந்த வழக்கு, எந்த நாட்டில், யார் மீது என்பதை இன்று எவராலும் சொல்ல முடியாது. ஆனால் லெம்கின் வர்த்தமானிகளைச் சேர்த்தபோதும் நூரம்பேர்க் என்று ஒன்று இருக்கவில்லை.

நம்மவர்களில் கண்ணால் கண்டவர்கள் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கிறார்கள். பிள்ளைகளுக்குச் சொல்லாமலே போனவர்கள் எத்தனை பேர்! கண்டதை எழுதி வைக்க வேண்டும். கேள்விப்பட்டதை, கேள்விப்பட்டது என்றே குறித்து, தனியாக வைக்க வேண்டும். திகதி, இடம், உடனிருந்தோர், சீருடையின் நிறம், வந்த வாகனம் என்று எழுத வேண்டும். செய்தவர் நம்மவரானாலும் எழுத வேண்டும். பழைய கடிதங்கள், அடையாள அட்டைகள், முகாம் துண்டுகள், செஞ்சிலுவைப் பற்றுச்சீட்டுகளைக் குப்பையில் போடக் கூடாது. அருஷாவில் பேசிய தாயின் வார்த்தை குற்றப்பத்திரிகையையே மாற்றியது. அவர் பேசாது போயிருந்தால், சட்டம் அந்தக் குற்றத்துக்குப் பெயர் வைக்க இன்னும் எத்தனை ஆண்டுகள் எடுத்திருக்குமோ.