தேய்ந்த பக்கம்

வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் இரண்டு பக்கமும் ஒரே தட்டைச் சேர்ந்தவை என்று நம்ப முடியாது. இரண்டாம் பக்கம் இன்றைக்கும் கண்ணாடி போல் மின்னுகிறது; குனிந்தால் முகம் தெரியும். முதல் பக்கம் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. எங்கள் ஊர்ப் பெருமாள் கோயிலில் இந்தத் தட்டைப் பல வருடம் தினமும் போட்டார்கள், முதல் பக்கத்தை மட்டும். சுப்ரபாதம் முடிந்ததும் முள்ளைத் தூக்கிவிடுவார்கள். திருப்பிப் போட யாருக்கும் தோன்றவில்லை, தேவையும் இல்லை.

எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய வேங்கடேச சுப்ரபாதம். ஹெச்.எம்.வி. நிறுவனம் 1963இல் வெளியிட்டது. கூடப் பாடியவர் ராதா விஸ்வநாதன். இதன் ராயல்டித் தொகையைத் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் வேத பாடசாலைக்கே எம்.எஸ். எழுதிக் கொடுத்துவிட்டார் என்பது பலருக்கும் தெரிந்த செய்தி. அந்தத் தட்டை அமெரிக்காவில் 1948இல் அறிமுகமான எல்.பி. என்ற வடிவம்தான் சாத்தியமாக்கியது என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை. அதற்கு முந்தைய 78 சுற்று அரக்குத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 3 நிமிடம்தான் கொள்ளும். நான்கு பகுதிகளும் 70 சுலோகங்களும் கொண்ட சுப்ரபாதத்தை அதில் அடைக்க வேண்டுமென்றால் ஏழு பக்கம் ஆகும்; ஒவ்வொரு மூன்று நிமிடத்துக்கும் ஓடிவந்து தட்டை மாற்ற வேண்டும். பெருமாளை அப்படி விட்டுவிட்டு எழுப்ப முடியுமா? எல்.பி.யின் ஒரு பக்கத்தில் இருபது நிமிடம் மூச்சு அறாமல் ஓடியது. முள்ளை வைத்துவிட்டுத் திருமஞ்சனத்துக்குத் தண்ணீர் எடுக்கப் போகலாம்.

எங்கள் தட்டு பிறந்த ஊர் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் இருக்கும் டம்டம். கிராமபோன் கம்பெனியின் தொழிற்சாலை அங்கேதான் இருந்தது. ஊர்ப் பெயரை உறையிலேயே அச்சடித்திருக்கிறார்கள். நாடாவில் பதிவான குரலை, லாக்கர் பூசிய அலுமினியத் தகட்டில் ஒரு கூர்மையான முள் கோடாக வெட்டும். அந்தத் தகட்டின் மேல் வெள்ளி தூவி, நிக்கல் ஏற்றி உரித்தெடுத்தால் பள்ளமெல்லாம் மேடாகத் திரும்பிய ஓர் உலோக அச்சு கிடைக்கும். அதிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து இன்னுமொன்று. இப்படித் தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்த கடைசி அச்சுதான் தட்டை அழுத்தும். சூடான வினைல் உருண்டைக்கு மேலும் கீழும் வட்டக் காகிதம் ஒவ்வொன்று வைத்து, நீராவியில் கொதிக்கும் இரண்டு அச்சுகளுக்கு நடுவே நசுக்குவார்கள். அரை நிமிடம்கூட ஆகாது. நடுவில் நாய்ப்படம் போட்ட அந்தக் காகிதத்துக்குப் பசை கிடையாது என்று தெரிந்துகொண்டபோது எனக்கு வியப்பாக இருந்தது. சூட்டிலும் அழுத்தத்திலும் அது தட்டோடு தட்டாகவே கலந்துவிடுகிறது. அதனால்தான் ஐம்பது வருடம் ஆகியும் ஓர் ஓரம்கூடப் பெயரவில்லை.

டம்டத்திலிருந்து ரயிலில்தான் வந்திருக்கும். நடுவில் அது நின்ற இடங்களில் ஒன்றை மட்டும் உறை சொல்கிறது: பின்பக்கம் கும்பகோணத்துக் கடை ஒன்றின் ஊதா ரப்பர் முத்திரை. அதன் கீழே, நீல மையில், சாய்ந்த கையெழுத்தில், "உபயம்" என்று தொடங்கி ஒரு பெயர், ஐப்பசி மாதம், 1971. கோயில் குழல்விளக்கிலும் மணியிலும் உபயதாரர் பெயர் எழுதும் வழக்கம்தான் இங்கே இசைத்தட்டுக்கும் வந்திருக்கிறது. அவர் குடும்பம் இப்போது ஊரில் இல்லை. பெயரை நானும் இங்கே எழுதவில்லை.

வாகன மண்டபத்து மூலையில் ஒரு மர ஸ்டூல், அதன் மேல் ரிக்கார்டு பிளேயர், பக்கத்தில் ஆம்ப்ளிஃபயர். ஒயர் ஓடிப்போய்க் கோபுரத்தின் முதல் நிலையில் கட்டிய கூம்பில் முடியும். சின்ன வயதில் எனக்கு இருட்டும் எம்.எஸ். குரலும் ஒன்றுதான். குரல் வருவதற்கு முன்னால் முள் இறங்கும் சத்தம் கேட்கும்: ஒரு "டொப்", பிறகு எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிப்பது போல ஒரு பொரிசல். அம்மா எழுந்து வாசல் தெளிக்கப் போவது அந்தப் பொரிசலுக்குத்தான். பாட்டு வரும்போது கோலப்பொடி கையில் இருக்கும்.

மார்கழியில் மட்டும் தட்டுக்கு ஓய்வு. திருமலையிலேயே அந்த மாதம் சுப்ரபாதம் கிடையாது, திருப்பாவைதான். எங்கள் ஊரிலும் அந்த முறையை விடாமல் பார்த்துக்கொண்டார்கள். தை முதல் தேதி மறுபடி இதே தட்டு.

ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிமிடத்துக்கு முப்பத்து மூன்றேகால் சுற்றுக்கும் கொஞ்சம் மேல். இருபது நிமிடத்துக்கு ஏறக்குறைய 667 சுற்று. அந்தக் கோட்டைச் சுருள் பிரித்து நீட்டினால் 400 மீட்டரைத் தாண்டும். ஒரு விடியலுக்கு முள் நடந்த தூரம் அது. மார்கழி போக மற்ற நாளெல்லாம் நடந்தால் வருடத்துக்குச் சுமார் 140 கிலோமீட்டர். பன்னிரண்டு வருடத்தில், சென்னையிலிருந்து ஹவுராவுக்கு ரயில் போகும் தூரம். புறப்பட்ட இடத்துக்கே முள் நடந்து போய்ச் சேர்ந்திருக்கும். அந்தப் பக்கம் சாம்பல் பூக்காமல் என்ன செய்யும்? அந்தக் காலத்துச் சாதாரண பிளேயரின் கை கனமானது. இன்றைய நல்ல காட்ரிட்ஜ் இரண்டு கிராம் எடையோடு ஊர்ந்து போகும் இடத்தில், அது ஐந்தாறு கிராமை வைத்து உழுதுகொண்டு போகும். முள்ளும் நீலக்கல் முள். சீக்கிரம் மழுங்கும், மழுங்கியது தெரியாமல் மாதக்கணக்கில் ஓடும். யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஒரு கிராமத்துக் கோயிலில் அதற்கு மேல் என்ன பார்ப்பார்கள்?

நடுவில் ஒரு நாள் தட்டு தாவத் தொடங்கியது. ஸ்தோத்திரப் பகுதி ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் முள் ஒரு சுற்றை விட்டுவிட்டு அடுத்ததில் குதிக்கும். ஒரு சுற்று என்றால் 1.8 விநாடி. ஒரு சொல்லின் வாலும் அடுத்த சொல்லின் தலையும் போய்விடும். முதலில் ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பழகிவிட்டது. என்னைப் போன்ற பிள்ளைகளுக்குச் சுலோகமே அப்படித்தான். பட்டணத்தில் வேறொரு வீட்டில் முழுதாகக் கேட்டபோது, அங்கேதான் ஏதோ கூடுதலாகப் பாடுகிறார்கள் என்று நினைத்தேன்.

எண்பதுகளின் நடுவில் கேசட் வந்தது. தட்டு பரணுக்கு ஏறியது. அதற்கப்புறம் முப்பது வருடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வௌவால் எச்சமும் ஐப்பசி மழையின் ஈரமும்தான்.

கும்பாபிஷேக வேலைக்காக மண்டபத்தை ஒழித்தபோது பரணில் இருந்ததெல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போயிற்று. நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு சாக்கில் உடைந்த விளக்கு, துருப்பிடித்த கூம்பு, அவற்றுக்கு அடியில் பதினான்கு இசைத்தட்டுகள். படுக்கவைத்து, மேலே இரும்பு ஏற்றியிருந்தார்கள். தட்டைக் கெடுக்க இதைவிட நல்ல வழி கிடையாது. நிற்க வைத்தால்தான் வளையாது. ஒன்பது தட்டுகள் அப்பளமாக நெளிந்திருந்தன. இது அடியில், உறையோடு, தரையை ஒட்டிக் கிடந்ததால் பிழைத்தது. எடைக்கு எடை காசு கொடுத்து வாங்கினேன். உறையைத் திருப்பி உபயத்தைப் படித்த பிறகுதான் கையில் இருப்பது என்னவென்று புரிந்தது. கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அன்றே கழுவவில்லை. இதில் அவசரம் கூடாது. முதலில் உலர்ந்த ஆட்டுமயிர் பிரஷ்ஷால் தூசியை எடுத்தேன், கோடு ஓடும் திசையிலேயே, வட்டமாக. குறுக்கே தேய்த்தால் ஒவ்வொரு மண்துகளும் ஒரு கீறல். பிறகு பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர், அதில் இரண்டே சொட்டுக் குழந்தை ஷாம்பூ. குழாய்த் தண்ணீர் வேண்டாம். அதன் உப்பு காய்ந்து கோட்டுக்குள்ளேயே வெள்ளையாக உட்கார்ந்துகொள்ளும். நடுக் காகிதத்தில் ஈரம் படாதபடி ஒரு மூடியால் மூடிக்கொண்டேன். பழைய தட்டுகளைச் சேர்க்கத் தொடங்கும் பிள்ளைகளுக்கு நான் தவறாமல் சொல்வது ஒன்று: வினைலுக்குக் கொஞ்சம் ஆல்கஹால் கலந்த திரவம் ஆகும் என்று கேட்டுவிட்டு, அதை 78 சுற்றுத் தட்டின் மேல் ஊற்றிவிடாதீர்கள். அது அரக்கு. பூச்சி சுரந்த அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். கதவுக்கு அடிக்கும் பாலிஷில் இருப்பதும் அதே பொருள்தான். துணி கறுத்து வரும்போது அழுக்கு போகிறது என்று சந்தோஷப்படுவீர்கள். போவது பாட்டு.

மூன்றாம் முறை கழுவியபோது அந்தப் பொட்டைப் பார்த்தேன். லென்ஸ் வைத்துத்தான் தெரிந்தது. தலைமுடிப் பருமனே உள்ள கோட்டின் மேல் கடுகில் கால்வாசி அளவு கறுப்பு. எண்ணெயும் கரியும் சேர்ந்து கல்லாகியிருந்தது. திரியைத் தூண்டிய விரலோடு யாரோ தட்டைத் தொட்டிருக்க வேண்டும். ஈரப் பஞ்சை அதன் மேல் அரைமணி நேரம் வைத்திருந்தேன். கரைந்து வந்தது. பஞ்சில் ஒரு பழுப்புக் கறை. முகர்ந்தால் நல்லெண்ணெய் வாசனை இன்னும் இருந்தது போலத் தோன்றியது.

அப்போது அது என்ன என்று எனக்கு உறைக்கவில்லை. காய வைத்து, புது உள்ளுறையில் போட்டு, ஊருக்கு எடுத்துப் போனேன். மறுநாள் விடியலில் கூடத்தில் பிளேயரை வைத்து முள்ளை இறக்கினேன். அதே டொப். பொரிசல் பாதியாகக் குறைந்திருந்தது. தேய்ந்த இடங்களில் குரலின் ஓரம் கரகரத்தாலும் குரல் இருந்தது. அம்மாவுக்கு இப்போது காது மந்தம். அடுப்படியில் காபிக்குப் பால் வைத்துக்கொண்டே கூடவே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

ஸ்தோத்திரம் தொடங்கியது. அந்த இடம் வந்தது. அம்மா பழக்கப்படி தாவினாள். தட்டு தாவவில்லை. எம்.எஸ். அந்தச் சொல்லை முழுதாகப் பாடி, அடுத்ததை எடுத்தார். அம்மா 1.8 விநாடி முன்னால் போய் நின்றுகொண்டிருந்தாள்.

கரண்டியோடு கூடத்துக்கு வந்தாள்.

"என்னடா பண்ணினே இதை?"

"கழுவினேன்மா."

பிளேயரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "மறுபடி வை அந்த இடத்தை" என்றாள். பால் பொங்கும் சத்தம் கேட்டது. நான் முள்ளைத் தூக்கிப் பின்னால் வைத்தேன்.