இலையைப் படிக்க வேதியியலும் வேண்டும்

சூலக்கரை முதல் சிவகாசி வரை நம் பிள்ளைகளுக்குப் பட்டாசு புதிதல்ல. மருந்தில் ஸ்ட்ரான்சியம் உப்பு இருந்தால் சிவப்பு ஒளி, சோடியம் உப்பு இருந்தால் மஞ்சள் ஒளி. சூட்டால் தூண்டப்பட்ட எலக்ட்ரான்கள் பழைய நிலைக்கு இறங்கும்போது, பெற்ற ஆற்றலை ஒளியாக விடுகின்றன. இலையில் நடப்பது இதன் மறுதலை. சூரிய ஒளி பட்டதும் பச்சையத்தின் எலக்ட்ரான் மேலே ஏறுகிறது; அந்த ஆற்றலைக் கொண்டே செடி உணவு தயாரிக்கிறது.

முன்னதை வேதியியல் என்றும் பின்னதைத் தாவரவியல் என்றும் பிரித்துப் படிக்கிறோம். ஆனால் ஒளிச்சேர்க்கை, பார்வை போன்ற ஒளியால் நடக்கும் உயிர்ச்செயல்களை ஆராய விரும்புபவருக்கு, ஆற்றலையும் வினை வேகத்தையும் அளந்து கணக்கிடும் இயற்பிய வேதியியலும் கட்டாயம் தேவை.

ஆசிரியரை மறுத்த அளவீடு

ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு வெளிவர எத்தனை ஒளித்துகள்கள் வேண்டும்? 1931இல் நோபல் பரிசு பெற்ற ஜெர்மானியர் ஓட்டோ வார்பர்க், நான்கு போதும் என்றார். அவரிடமே பயின்ற அமெரிக்கர் ராபர்ட் எமர்சன், எட்டுக்குக் குறையாது என்று அளந்து காட்டினார். பல ஆண்டுகள் நீண்ட இந்த விவாதத்தில் நிலைத்தது மாணவரின் கணக்கே. ஆசிரியரின் புகழை அல்ல, அளவீட்டின் துல்லியத்தையே அறிவுலகம் ஏற்றது.

அலகாபாத்திலிருந்து ஒரு தாவரவியலாளர்

1932இல் அலகாபாத்தில் பிறந்த கோவிந்த்ஜி, அங்கேயே தாவரவியலில் முதுகலை முடித்தவர். 1956இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் எமர்சனிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். 1959இல் எமர்சன் விமான விபத்தில் இறந்தார். அதன்பின் இவருக்கு வழிகாட்டியவர் யூஜின் ரபினோவிட்ச். அவர் இயற்பிய வேதியியலாளர். 1960இல் கோவிந்த்ஜி உயிர் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றார்.

நீண்ட அலைநீளச் சிவப்பு ஒளி தனியாக விழுந்தால் பலன் குறைவு. குறைந்த அலைநீள ஒளியும் சேர்ந்தால், இரண்டின் கூட்டுத்தொகையைவிடப் பலன் அதிகம் என்று எமர்சன் கண்டிருந்தார். இதன் காரணத்தைத் தேடிய கோவிந்த்ஜியும் ரபினோவிட்சும், வேறுவேறு பணி செய்யும் இரு வகைப் பச்சையம்-ஏ இருப்பதை 1960இல் காட்டினர். இன்று பாடநூலில் உள்ள 'இரண்டு ஒளி அமைப்புகள்' என்ற கருத்துக்கு இது வலுச் சேர்த்தது.

எவற்றைக் கற்க வேண்டும்?

ஆற்றல் எங்கே போகிறது என்பதற்கு வெப்ப இயக்கவியல். எலக்ட்ரான் எத்திசையில் நகரும் என்பதற்கு ஆக்சிஜனேற்ற ஒடுக்க மின்னழுத்தம். எந்த நிறம் உறிஞ்சப்படுகிறது என்பதற்கு நிறமாலையியல். எவ்வளவு வேகம் என்பதற்கு வினை வேகவியல். கண்ணில் ஒளி பட்டதும் ரெட்டினால் மூலக்கூறு வடிவம் மாற ஆகும் நேரம் சுமார் 200 ஃபெம்டோ நொடி. ஒரு நொடியை ஆயிரம் லட்சம் கோடியாகப் பங்கிட்டால் அதில் ஒன்றுதான் ஃபெம்டோ நொடி. இத்தகைய வேகத்தில் நடக்கும் வேதிவினைகளை லேசர் கொண்டு ஆராய்ந்ததற்காகவே எகிப்தில் பிறந்த அஹ்மத் ஜுவைல் 1999இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்.

பெற்றோர் கவனத்திற்கு

பிளஸ் ஒன்னில் கணக்குக்கு அஞ்சி அதை விட்டுவிட்டு உயிரியல் எடுக்கும் பிள்ளைகள் நம்மிடையே நிறைய. மருத்துவ இடம் கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் நினைக்கிறோம். ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனங்களின் ஐந்தாண்டுப் படிப்பில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கும் தொடக்க ஆண்டுகளில் சேர்த்தே கற்பிக்கப்படுகின்றன. நமக்கு அருகில் திருவனந்தபுரத்திலும் திருப்பதியிலும் இவை உள்ளன. உயிரியலை விரும்பும் பிள்ளையிடம் கணக்கையும் வேதியியலையும் கைவிடாதே என்று இப்போதே சொல்லி வைப்போம்.