உலர் வலயத்தில் தஹாரத்: தம்புள்ளையின் நீரும் ஷாபிஈ சட்டத்தின் அளவும்

தொழுபவரின் உடல், உடை, தொழும் இடம் ஆகிய மூன்றும் தூய்மையாக இருத்தல் வேண்டும் என்பதும், அவர் வுழூ, அதாவது தொழுகைக்காக உறுப்புகளைக் கழுவிய தூய்மை, உடையவராக இருத்தல் வேண்டும் என்பதும் முஸ்லிம் இல்லங்களில் சிறு பிள்ளைகளும் கற்கும் பாடங்கள். சட்ட நூல்கள் இவற்றைத் ‘தஹாரத்’, அதாவது தூய்மை, என்னும் முதல் அத்தியாயத்தில் விளக்குகின்றன. அவ்வத்தியாயமும் பெரும்பாலும் நீரின் வகைகளைப் பற்றிய விளக்கத்துடனேயே தொடங்குகிறது. நீரை முன்னிறுத்தும் இந்த அமைப்பைக் கண்டு, மிகுந்த தூய்மைக்கு மிகுந்த நீர் வேண்டும் என்று கருதுவோர் பலர். இக்கட்டுரை அக்கருத்தை மறுக்கிறது. எது நஜீஸ் (அசுத்தம்), எவ்வளவு நீர் போதும், அந்த நீரில் வேறு யாருக்கு உரிமை உண்டு ஆகிய மூன்று வினாக்களுக்கும் தஹாரத் சட்டம் எல்லை வகுத்துள்ளது; பேணுதலின் பெயரால் அவ்வெல்லையைக் கடப்பவர் தூய்மையைக் கூட்டுவதில்லை, சட்டத்தின் ஒரு பாதியைக் கைவிடுகிறார் என்பதே இங்கு நிறுவப்படுவது.

களம்

இலங்கையின் மாத்தளை மாவட்டத்தில் தெற்கே மலைநாடும் வடக்கே உலர் வலயமும் அமைந்துள்ளன. தம்புள்ளை அந்த உலர் பகுதியைச் சேர்ந்தது. வடகீழ்ப் பருவமழையை நம்பியிருக்கும் இவ்வட்டாரத்தில் ஆண்டின் நடுப்பகுதி வறண்டது. கண்டலம, இபன்கட்டுவ ஆகிய குளங்களும், 1976 இல் நிறைவுற்ற பொல்கொல்லைத் திசைதிருப்பலின் வழியே போவத்தன்னையிலிருந்து வரும் மகாவலி நீருமே அதன் வேளாண்மையைத் தாங்குகின்றன. உலர் வலயத்தின் பல இடங்களில் கிணற்று நீர் கடினத்தன்மை மிக்கதாகவும் புளோரைட் கூடியதாகவும் இருப்பதால் குடிநீர் தனியே தேடிப் பெறவேண்டிய பொருளாகிவிடுகிறது. இதே நகரில் 1999 முதல் இயங்கும் பொருளாதார மத்திய நிலையம் நாட்டின் மிகப் பெரிய மரக்கறி மொத்தச் சந்தைகளுள் ஒன்று. இலங்கை முஸ்லிம்களில் மிகப் பெரும்பான்மையோர் பின்பற்றுவது ஷாபிஈ மத்ஹப், அதாவது இமாம் ஷாபிஈயின் வழிவந்த சட்ட நெறி. மலபாரின் இரண்டாம் ஸைனுத்தீன் மக்தூம் இயற்றிய ‘பத்ஹுல் முஈன்’ அரபு மத்ரஸாக்களிலும், கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிமின் (1816–1898) ‘பத்ஹுத் தையான்’ அரபுத் தமிழிலும் இந்நெறியைக் கற்பித்து வந்துள்ளன. நீர் அருகியும் சேறு பெருகியும் இருக்கும் ஒரு சூழலில் அச்சட்டம் எவ்வாறு நிற்கிறது என்பதை ஆராயத் தம்புள்ளை பொருத்தமான களம்.

அழுக்கும் நஜீஸும்

‘நஜீஸ்’ என்பது தொழுகை நிறைவேறுவதைத் தடுக்கும் அசுத்தம் எனச் சட்டம் வரையறுத்துப் பட்டியலிட்ட பொருள்களை மட்டுமே குறிக்கும். சிறுநீர், மலம், இரத்தம், சீழ், மது, செத்த பிராணி போன்றவை அப்பட்டியலில் உள்ளன. மண், சேறு, வியர்வை, மரக்கறிச் சாறு, அழுகிய இலை ஆகியவை அதில் இல்லை. கோவா மூட்டைகளை லொறியிலிருந்து இறக்கும் நாட்டாமியின் சட்டை கறைபட்டு நாற்றமெடுத்தாலும், அதில் நஜீஸ் படவில்லையாயின் அந்தச் சட்டையுடன் அவர் தொழும் தொழுகை செல்லும். துர்நாற்றத்துடன் பள்ளிவாசலுக்கு வந்து பிறருக்குத் தொல்லை தரலாகாது என்னும் ஒழுக்கம் வேறு, தொழுகை செல்லுபடியாவதற்கான நிபந்தனை வேறு. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால், உழைப்பாளி தன் உடையைக் காரணம் காட்டித் தொழுகையைப் பிற்போடும் நிலை ஏற்படுகிறது.

நஜீஸ் கலந்திருக்கக்கூடிய இடத்திலும் சட்டம் நிதானமாகவே நடக்கிறது. ஷாபிஈ நெறியில் மாட்டுச் சாணமும் நஜீஸே. ஆயினும் சாண உரமிட்ட நிலத்தில் விளைந்த லீக்ஸும் கரட்டும் தம்மளவில் தூய்மையானவை, மேற்பரப்பில் ஒட்டியுள்ளதைக் கழுவினாலே போதும். நஜீஸ் கலந்தது உறுதியான தெருச்சேறு கூட, தவிர்த்து நடப்பது கடினமான அளவில் உடையில் தெறித்தால் மன்னிக்கப்படுகிறது. கலந்தது உறுதியில்லாத சேறு தூய்மையானதாகவே கொள்ளப்படும். நாயின் ஈரம் பட்ட பொருளை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கரைத்த நீரால், கழுவவேண்டும் என்பது ஷாபிஈ நெறியின் கடுமையான விதிகளுள் ஒன்று. ஆனால் சந்தையில் திரியும் நாய் உரசிச் செல்லும்போது இரு பக்கமும் உலர்ந்திருந்தால் எதையும் கழுவவேண்டியதில்லை. உறுதியான நிலை ஐயத்தால் நீங்காது என்னும் பொது விதியே இவை அனைத்திற்கும் அடிப்படை.

உறுப்பில் ஒட்டியுள்ள அழுக்கு நஜீஸ் அல்லாதபோதும், நீர் தோலைச் சென்றடைவதைத் தடுக்குமாயின் அதை அகற்றவேண்டும். காய்ந்த களிமண், பலாப்பால், இயந்திரக் கிரீஸ் ஆகியவை இவ்வகையின. நகத்திற்கு அடியில் படியும் மண் குறித்து ஷாபிஈ அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு: அகற்றவேண்டும் என்பது வலுவான கருத்து, இமாம் கஸ்ஸாலி உள்ளிட்ட ஒரு சாரார் அதை மன்னிக்கப்பட்டதாகக் கருதினர். நாள்தோறும் மண்ணில் கைவைக்கும் வெங்காயச் செய்கையாளருக்கு இந்த வேறுபாடு உண்மையான ஆறுதல் தருவது.

நீரின் இயல்பும் இரு குல்லாவும்

வுழூவுக்கு ஏற்ற நீர் தானும் தூயதாய்ப் பிறவற்றையும் தூய்மையாக்கும் இயற்கை நீர். தேயிலைச் சாயமோ பாலோ கலந்து பெயர் மாறிய நீர் இதற்கு உதவாது. ஆனால் நீர் தங்கும் இடத்தாலும் ஓடும் வழியாலும் ஏற்படும் மாற்றம் அதன் தகுதியைக் குறைப்பதில்லை. பாசி படர்ந்து பச்சையான குளத்து நீரும், வண்டல் கலந்து பழுப்பான வாய்க்கால் நீரும், கேத்தலின் அடியில் வெண்படிவை விட்டுச் செல்லும் கடின நீரும் வுழூவுக்குத் தக்கவை. குடிப்பதற்குத் தகுதியற்ற நீர் வுழூவுக்கும் தகுதியற்றது என்று எண்ணுவோர் இவ்விரு தகுதிகளையும் குழப்பிக்கொள்கின்றனர்.

நீரின் அளவைப் பொறுத்தவரை ஷாபிஈ நெறி ‘குல்லத்தைன்’, அதாவது இரு குல்லா, என்னும் எல்லையைக் கொண்டுள்ளது. நீளம், அகலம், ஆழம் ஒவ்வொன்றும் ஒன்றேகால் முழமுள்ள சதுரத் தொட்டி கொள்ளும் நீர் இது. முழத்தை 48 சென்றிமீற்றராகக் கொண்டால் ஏறத்தாழ 216 லீற்றர். இந்த அளவை எட்டிய நீரில் நஜீஸ் விழுந்தாலும் நிறமோ சுவையோ மணமோ மாறாதவரை அது கெடாது. இதற்குக் குறைந்த நீர், நஜீஸ் பட்டவுடன் மாற்றமின்றியே கெடும். கடமையான வுழூவில் ஒருமுறை பயன்பட்ட நீரும் இந்த அளவுக்குக் குறைந்திருந்தால் மீண்டும் வுழூவுக்கு உதவாது. அதற்கு ‘முஸ்தஃமல்’ என்று பெயர். பலர் ஒரே நீரில் கைவிட்டு வுழூச் செய்வதற்காகப் பழைய பள்ளிவாசல்களில் கட்டப்பட்ட ‘ஹவ்ழ்’ என்னும் தொட்டி இவ்விதியை நிறைவேற்றியது. மற்றொரு சட்ட நெறியான ஹனபி நெறி பரவிய தமிழக உள்மாவட்டங்களில் பத்து முழத்துக்குப் பத்து முழம் என்னும் அளவு பேசப்படுவதால் அங்கே ஹவ்ழ் மேலும் பரந்து அமைந்தது.

இவ்விதியைப் பற்றி இமாம் கஸ்ஸாலி (1058–1111) கூறியது கவனத்துக்குரியது. ஷாபிஈ நெறியினரான அவர், ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலின் தூய்மை பற்றிய பகுதியில், குறைந்த நீரும் மாற்றமடைந்தாலன்றிக் கெடாது என்னும் இமாம் மாலிக்கின் கருத்தே தம் இமாமின் கருத்தாகவும் இருந்திருக்கலாமே என்று வெளிப்படையாக விரும்பினார். நீர் அருகிய மக்காவிலும் மதீனாவிலும் இரு குல்லா நிபந்தனை மக்களுக்குப் பெரும் இடர்ப்பாடாக இருந்திருக்கும் என்பது அவர் முன்வைத்த காரணங்களுள் ஒன்று. வறட்சியைச் சட்ட வாதத்தின் ஒரு கூறாகவே அவர் எடுத்துக்கொண்டமை, உலர் வலய மக்களின் தேவையைப் பேசுவது சட்டத்திற்குப் புறம்பானதன்று என்பதைக் காட்டுகிறது.

போதிய அளவும் வக்ஃப் நீரும்

நபிகள் நாயகம் ஒரு ‘முத்து’ நீரில் வுழூவையும், ஒரு ‘ஸாஉ’ முதல் ஐந்து முத்து வரையான நீரில் குளிப்பையும் நிறைவேற்றியதாக புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நபிமொழித் தொகுப்புகளும் பதிவுசெய்கின்றன. முத்து என்பது இரு கையளவைக் கொண்ட பழைய முகத்தல் அளவை. பரவலான கணிப்பின்படி ஏறத்தாழ 0.7 லீற்றர். நான்கு முத்து ஒரு ஸாஉ. நிமிடத்துக்கு 6 லீற்றர் பாயும் குழாயை இரண்டு நிமிடம் திறந்து வைத்து வுழூச் செய்பவர் 12 லீற்றரைச் செலவிடுகிறார். இக்கணக்கில் இரு குல்லா நீர் 18 பேருடன் தீர்ந்துவிடும். முத்து அளவில் செய்தால் அதே நீர் முந்நூறு பேருக்குப் போதும்.

ஷாபிஈ நெறியில் வுழூவின் கடமைகள் ஆறு: நிய்யத்து (மனத்தில் எண்ணம் கொள்ளுதல்), முகம் கழுவுதல், முழங்கை வரை கழுவுதல், தலையின் ஒரு பகுதியைத் தடவுதல், கணுக்கால் வரை கழுவுதல், இவற்றை வரிசைப்படி செய்தல். ஒவ்வோர் உறுப்பையும் ஒருமுறை முழுமையாகக் கழுவுவது கடமை; மும்முறை கழுவுவது சுன்னத்து (நபிவழி); மூன்றைக் கடப்பது வெறுக்கத்தக்கது. கடற்கரையில் இருப்பவரும் நீரை வீண்விரயம் செய்யலாகாது என்பதில் அறிஞர்கள் ஒருமித்துள்ளனர் என ஷாபிஈ அறிஞரான இமாம் நவவி எழுதுகிறார். நூல்கள் அத்துடன் நிற்கவில்லை: தூய்மை செய்வதற்கென வக்ஃபு செய்யப்பட்ட, அதாவது இறைவழியில் பொதுவாக ஒப்படைக்கப்பட்ட, நீரில் மூன்றைக் கடப்பது ஹராம் (தடுக்கப்பட்டது) என்று ‘பத்ஹுல் முஈன்’ தீர்க்கமாகக் கூறுகிறது. பள்ளிவாசலின் கிணறும் தொட்டியும் இவ்வகையில் அடங்குவன. 1956 ஆம் ஆண்டின் 51 ஆம் இலக்க வக்ஃபுச் சட்டத்தின் கீழ் பள்ளிவாசல் சொத்தைப் பராமரிக்கும் நம்பிக்கையாளர்கள், கட்டடத்தையும் காணியையும் போலவே தொட்டியிலுள்ள நீரையும் காக்கும் பொறுப்புடையோர் என்பது இவ்விதியிலிருந்து பெறப்படும் முடிவு.

தாகத்தின் முன்னுரிமை

நீர் கிடைக்காதபோதும், அதைப் பயன்படுத்துவது நோயைக் கூட்டும்போதும் தூய மண்ணின் புழுதியால் முகத்தையும் கைகளையும் தடவும் ‘தயம்மும்’ வுழூவுக்குப் பதிலாகிறது. ‘கிடைக்காமை’ என்பதற்குச் சட்டம் தரும் பொருள் விரிவானது. நீர் விலைக்குக் கிடைத்தாலும் நியாய விலைக்கு மேல் கொடுத்து வாங்கவேண்டிய கடமை இல்லை; தன் குடும்பத்தின் செலவுக்கும் கடனுக்கும் தேவையான பணத்தைச் செலவிடவேண்டிய கடமையும் இல்லை. குடிப்பதற்கென்று பொதுவில் வைக்கப்பட்ட நீரால் வுழூச் செய்வது தடுக்கப்பட்டது. வேறு நீர் இல்லையெனில் தயம்முமே செய்யவேண்டும். வறட்சியில் பவுசரில் வந்து குடிநீராக வழங்கப்படும் நீருக்கும் இவ்விதி பொருந்தும்.

கையிலுள்ள நீர் மனிதரின் தாகத்திற்கோ, கொல்லப்படக் கூடாத பிராணியின் தாகத்திற்கோ தேவைப்பட்டால் அதை அவ்வுயிருக்காக வைத்துக்கொண்டு தயம்மும் செய்வது கடமை. வீட்டையும் மந்தையையும் காக்கும் நாயும் அப்பிராணிகளில் அடங்கும். எந்த நாயின் ஈரத்தை ஏழு முறை கழுவச் சொல்கிறதோ அந்த நாயின் தாகத்தை வுழூவுக்கு முன்னால் வைக்கும் இச்சட்டம், நஜீஸ் என்பதை இழிவு என்றோ உரிமையின்மை என்றோ ஒருபோதும் பொருள்கொள்ளவில்லை.

பேணுதல் என்னும் மறுப்பு

ஐயத்திற்கு இடமின்றி அதிகமாகக் கழுவுவதே பேணுதல், அதனால் நட்டமொன்றுமில்லை என்பது இவ்வாதத்திற்கு எதிராக வழக்கமாகக் கூறப்படும் மறுப்பு. இறையச்சத்திலிருந்து எழும் இம்மறுப்பை எளிதாகத் தள்ளிவிட முடியாது. எனினும் பேணுதல் என்பது ஐயமானதை விட்டு உறுதியானதைப் பற்றுவது; நஜீஸ் பட்டிருக்கலாம் என்னும் ஐயத்தை நீக்க, வக்ஃப் நீரை விரயமாக்குவது என்னும் உறுதியான தடையை மீறுபவர் அந்த ஒழுங்கையே தலைகீழாக்குகிறார். மேலும், திரும்பத் திரும்பக் கழுவத் தூண்டும் மனநிலையை நூல்கள் ‘வஸ்வாஸ்’, அதாவது வீண் ஊசலாட்டம், எனக் கண்டிக்கின்றன. உறுப்பின் எல்லா இடத்திலும் நீர் படவேண்டும் என்னும் தேவையைக் கவனத்துடன் கைகளால் தேய்ப்பது நிறைவேற்றும். குழாயின் வேகம் நிறைவேற்றாது.

முடிவுரை

தஹாரத் பாடம் இன்று மத்ரஸாக்களில் உறுப்புகளின் எல்லையையும் வரிசையையும் திருத்தமாகக் கற்பிக்கிறது. அதே நூல்களில் அதே அத்தியாயத்தில் உள்ள நீரின் அளவு, வக்ஃப் நீரின் உரிமை, தாகத்தின் முன்னுரிமை ஆகியவையும் அதே திருத்தத்துடன் கற்பிக்கப்படவேண்டும். ஒரு முத்து நீரை அளந்து கொடுத்து வுழூச் செய்து காட்டுதல், பாய்ச்சலைக் குறைக்கும் குழாய்களைப் பொருத்துதல், வுழூவில் வழிந்தோடும் நீரைப் பள்ளிவாசல் வளவின் மரங்களுக்குத் திருப்புதல் ஆகியவை புதிய மார்க்கத் தீர்ப்பு எதையும் வேண்டாமலே செய்யக்கூடியவை. தம்புள்ளையின் வறண்ட மாதங்களில் மூன்று முறையோடு குழாயை மூடும் ஒருவர் வுழூவில் எதையும் குறைத்துவிடுவதில்லை. தன் கடமையையும் அடுத்துத் தொழ வருபவரின் உரிமையையும் ஒருங்கே நிறைவேற்றுகிறார்.