அடிபட்டவருக்கு நட்டஈடு: மலையகத் தோட்டங்களின் சட்ட வரலாறு

இலங்கையின் நுவரெலியா, ஹற்றன் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் தாக்கப்பட்ட ஒருவர் தன்னை அடித்தவரிடம் பணமாக ஈடு கேட்கும் உரிமை உரோமன் டச்சுச் சட்டத்திலிருந்து வருகிறது. ஒல்லாந்தர் கரையோரத்தில் நடைமுறைப்படுத்திய அந்தச் சட்டத்தை 1799 ஆம் ஆண்டுப் பிரகடனத்தால் பிரித்தானியர் அப்படியே தொடரவிட்டனர். 1815 இல் மலைநாட்டை ஆண்ட கண்டி இராச்சியமும் அவர்கள் கைக்குப் போனது. கண்டிச் சட்டம் எதுவும் சொல்லாத விடயங்களில் கரையோரச் சட்டமே செல்லும் என 1852 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விதித்தது. கண்டிச் சட்டம் கண்டிச் சிங்களவருக்கே உரியதாகக் கொள்ளப்பட்டதால், கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து மலையேறிய தமிழருக்கு உரோமன் டச்சுப் பொதுச் சட்டமே பொருந்தியது.

அந்தச் சட்டத்தில் அடிபட்டவர் இரண்டு விதமாக வழக்காடலாம். வைத்தியச் செலவு, இழந்த சம்பளம் ஆகியவற்றைக் கேட்பது ஒன்று. உடலையும் மானத்தையும் அவமதித்ததற்கு ஈடு கேட்பது மற்றொன்று. இந்த இரண்டாவது வழக்கு உரோமில் பிறந்த கதை சுவையானது. பன்னிரு பலகைச் சட்டம் சிறு தாக்குதலுக்கு 25 அஸ் நாணயம் என்று நிலையான தொகை வைத்திருந்தது. காலப்போக்கில் அந்தத் தொகை அற்பமாகிப்போனது. லூசியஸ் வெராட்டியஸ் என்ற செல்வர் வழியில் கண்டவர்களைக் கன்னத்தில் அறைந்துகொண்டே நடந்தாராம். பின்னால் பணப்பையோடு வந்த அடிமை, அறைபட்ட ஒவ்வொருவருக்கும் 25 நாணயம் எண்ணிக் கொடுத்தானாம். அதன் பிறகே, தொகையை நீதிபதி வழக்குக்கு வழக்கு மதிப்பிடும் முறை வந்ததாக ஆலஸ் கெல்லியஸ் எழுதிவைத்தார்.

மலையகத்தில் இந்த இரு வழக்குகளின் வேறுபாட்டுக் கனம் சம்பளக் கணக்கில் தெரியும். 1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளக் கட்டளைச் சட்டத்தின்படி 1929 இல் நடைமுறைக்கு வந்த நாட்சம்பளம், உயர்ந்த மலைத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். கை முறிந்து 30 வேலை நாட்களை இழந்த ஆணுக்குச் சம்பள இழப்பு 16 ரூபா 20 சதம். கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு 12 ரூபா 90 சதம். நட்டக் கணக்கை மட்டும் பார்த்தால் ஏழையை அடிப்பதுதான் மலிவு. மானத்துக்கும் வலிக்குமான ஈடு ஒன்றே அந்தக் கணக்கைத் தாண்டிச் செல்லக்கூடியது.

ஆனால் உரிமை ஏட்டில் இருந்தபோதும், நீதிமன்றப் படியேறும் வழி அடைபட்டிருந்தது. 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டத்தின் கீழ், அனுமதியின்றி வேலையை விட்டுப் போன தொழிலாளிக்கு மூன்று மாதம்வரை சிறை. தோட்டத்தை நிர்வகித்த துரையோ ஆட்களை மேற்பார்த்த கங்காணியோ கைநீட்டினால், முறையிடுவதற்காக மலையிறங்கியதே குற்றமாகிவிடும் நிலை. கங்காணியிடம் பட்ட கடனைக் குறித்து, அதைக் கட்டினால் தொழிலாளியை விடுவிப்பதாகத் தோட்டம் எழுதித் தரும் சீட்டுக்குத் துண்டு என்று பெயர். துண்டு இல்லாமல் வேறு தோட்டம் சேர்க்காது. துண்டு முறை 1921 இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

அதன் பிறகும் தொழிலாளி குடியிருந்த வரிசை வீட்டு அறையான லயக் காம்பரா தோட்டத்துக்கே சொந்தமாக இருந்தது. வேலை போனால் வீடும் போகும். வேலை நீக்கிய பின்னும் காம்பராவை விட்டு வெளியேறாத தொழிலாளியை அத்துமீறிப் புகுந்தவராகக் குற்றவியல் நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். அப்படித் தண்டிக்கப்பட்ட செல்வநாயகம் என்ற தொழிலாளியின் வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில்வரை போனது. அவருடைய நோக்கம் குடியிருப்பைக் காத்துக்கொள்வதே, எவரையும் தொந்தரவு செய்வதல்ல என்று சொல்லி அவர் விடுவிக்கப்பட்டார். அடிதடிக்குச் சாட்சி சொல்ல வேண்டிய அயல் காம்பராக்காரருக்கும் வீடு போகும் இதே அச்சம்தான். வழக்கு மொழியோ ஆங்கிலம். 1871 ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் நட்டஈட்டு வழக்குக்குத் தந்த அவகாசம் இரண்டே ஆண்டு.

ஆகவே குறை சொல்ல மக்கள் வேறு வாசல்களைத் தட்டினார்கள். 1923 முதல் கண்டியில் இந்திய அரசாங்கத்தின் முகவர் இருந்தார். 1931 இல் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் ஹற்றனைத் தளமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். 1935 ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம் சங்கங்களைப் பதிவுசெய்ய வழிசெய்தது. சங்கத்தின் தோட்டத் தலைவர் அடிதடி முறைப்பாட்டைச் சங்கத்துக்குக் கொண்டுபோவதும், சங்கம் துரையோடு பேசித் தீர்ப்பதும் பழக்கமாயின. இப்படிக் கிடைத்தது பெரும்பாலும் மன்னிப்பு, இடமாற்றம், மீண்டும் வேலை. காயத்துக்கான பணம் அல்ல. சங்கத்தின் பலம் பெரியதுதான், ஆனால் தனியொருவரின் உடைந்த பல்லுக்கு விலை கேட்கும் வேலையை அது செய்யவில்லை.

அடித்தது அரசாக இருந்தால் வாசலே இல்லை. 1940 ஜனவரி 10 அன்று முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். அன்றைய சட்டத்தில் இத்தகைய தீங்குக்காக முடிக்குரிய அரசை எதிர்த்து நட்டஈட்டு வழக்குப் போட முடியாது. அரசையும் பொறுப்பாளியாக்கிய சட்டம், 1969 இன் 22 ஆம் இலக்கச் சட்டம், கோவிந்தன் இறந்து 29 ஆண்டு கழித்தே வந்தது. 1978 அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரை சித்திரவதையைத் தடைசெய்தது. பொலிஸ் நிலையத்தில் தாக்கப்பட்டவர் 126 ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாடி நட்டஈடு பெற இப்போது வழியுண்டு. ஆனால் அந்த நீதிமன்றம் இருப்பது கொழும்பில்.

அண்மைக் காலத்தில் பணம் கிடைக்கும் வழி குற்றவியல் பக்கமாகத் திரும்பியிருக்கிறது. 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 17 ஆம் பிரிவு, குற்றவாளி பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு கட்டவேண்டும் என்று தண்டனையோடு சேர்த்துக் கட்டளையிட நீதவானுக்கு அதிகாரம் தருகிறது. 1995 ஆம் ஆண்டுத் திருத்தம் பாலியல் வல்லுறவு வழக்குகளில் நட்டஈட்டைக் கட்டாயமாக்கியது. வேலைத்தலத்தில் அதிகாரமுள்ளவர் செய்யும் பாலியல் தொந்தரவையும் குற்றமாக்கியது. மலையில் ஆண் மேற்பார்வையின் கீழ் நாள் முழுதும் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு இதைவிட நெருக்கமான சட்டத் திருத்தம் குறைவு. பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்குமான உதவி, பாதுகாப்புச் சட்டம் 2015 இல் இயற்றப்பட்டு 2023 இல் புதிதாக மாற்றி எழுதப்பட்டது.

சிறு காயங்கள் 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபைக்குப் போகின்றன. இரு தரப்பும் ஆளுக்கொரு மத்தியஸ்தரைத் தெரிவுசெய்ய, அந்த இருவரும் மூன்றாமவரைத் தெரிவுசெய்வார்கள். சபை தீர்ப்புச் சொல்லாது. இணங்கவைக்க முயலும், முடியாவிட்டால் இணங்காமைச் சான்றிதழ் கொடுக்கும். பேச்சு தமிழிலேயே நடக்கலாம் என்பது பெரிய வசதி. அடித்தவர் மேற்பார்வை செய்யும் கணக்கப்பிள்ளையாகவும் அடிபட்டவர் அவரிடம் நாள்வேலைக்குப் பேர் பதியும் தொழிலாளியாகவும் இருக்கும்போது, மேசையின் இரு பக்கமும் சமமில்லை என்பது இதன் குறை.

குடியியல் வழக்கு இன்றும் மாவட்ட நீதிமன்றத்தில் தொடரப்படுகிறது. 1978 இல் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு வசதியற்றவருக்குச் சட்டத்தரணியை ஏற்பாடு செய்கிறது. பொலிஸ் முறைப்பாடு, சட்ட வைத்திய அறிக்கை, வேலைக்குப் போகாத நாட்களைக் காட்டும் சம்பளச் சீட்டு ஆகியவை முக்கியமான சான்றுகள். குற்றவியல் வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு ஆண்டுக் காலம் அடிபட்ட நாளிலிருந்தே ஓடத் தொடங்குகிறது.